கார்புரேட்டர் மேல் பழி போடும் முன்

1980-ஆம் ஆண்டு ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. 1984-இல் டிவிஎஸ் நிறுவனம் சுசுகியோடு சேர்ந்து தயாரித்த 100 சிசி பைக்கும் இதே ஊரிலிருந்து சாலைக்கு வந்தது. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இங்கிருந்து போன லட்சக்கணக்கான வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து ஊட்டியது கார்புரேட்டர்தான். 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 மாசு விதி நடைமுறைக்கு வந்தபோது டிவிஎஸ் எக்ஸ்எல் 100 மொபெட் கூட ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. ஆனால் மாறியது புது வண்டிதான். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி ஏற்றுகிற, தளி பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரோஜாக் கட்டோடு வருகிற, சிப்காட் ஷிப்டுக்கு ஆளைக் கொண்டுவந்து விடுகிற வண்டிகளில் பழசு இன்னும் ஏராளம். அவை மக்கர் செய்தால் பட்டறையில் முதலில் காதில் விழுவது, "கார்புரேட்டர் போச்சு, மாத்திடலாம்" என்பது. பல நேரம் இது தவறான முடிவு. வண்டியின் வயது மேல் பழியைப் போட்டுவிட்டு, கோளாறு பார்க்கும் முறையையே நாம் கைவிட்டு வருகிறோம் என்பதுதான் என் வாதம்.

இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: சரியான கலவை, சரியான நேரத்தில் தீப்பொறி, போதுமான கம்ப்ரஷன். இந்த மூன்றில் எது குறைகிறது என்பதை வண்டியே சொல்லிவிடும். பிளக்கைக் கழற்றினால் முனை கரி பிடித்துக் கறுப்பாக இருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, பெட்ரோலில் நனைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். அதற்கு அடைத்துப்போன ஏர் ஃபில்டரே காரணமாக இருக்கலாம். வெளுப்பு என்றால் காற்று அதிகம். கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் வெடித்து, அதன் வழியே காற்று உள்ளே போகலாம். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். நாலைந்து கிலோமீட்டர் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்து மூடியதும் கிளம்புகிற வண்டியில், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கும். சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்புகிற வண்டியில் இக்னிஷன் காயிலைப் பார்க்க வேண்டும். இவை எதற்கும் புது கார்புரேட்டர் தீர்வாகாது. மாற்றிய பிறகும் அதே கோளாறு வரும். அப்போது "இன்ஜினே போச்சு" என்ற அடுத்த தீர்ப்பு வரும்.

கோளாறு கார்புரேட்டரிலேயே இருந்தாலும் அதற்கும் அடையாளங்கள் உண்டு. சோக் போட்டால் ஓடி, சோக்கை எடுத்தால் அணைகிறது, ஸ்லோவில் நிற்பதில்லை என்றால் பைலட் ஜெட் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஸ்லோவில் நன்றாக நின்று, முறுக்கினால் திணறினால் மெயின் ஜெட் பக்கம் பார்க்கலாம். அடியிலிருந்து பெட்ரோல் சொட்டினால் ஃப்ளோட் நீடிலைப் பார்க்க வேண்டும். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை கிளட்ச் கேபிளின் ஒற்றை இழையால் குத்திச் சுத்தம் செய்யும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பித்தளையில் துளைத்த அந்த நுண்ணிய வழி கொஞ்சம் அகன்றாலும் போதும், அந்த வண்டிக்கு அன்றோடு மைலேஜ் போய்விடும். கிளீனர் ஊற்றி ஊறவைத்துக் காற்றடித்தால் பெரும்பாலும் போதுமானது. இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஓசூர் கிருஷ்ணகிரியைவிட முன்னூறு மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. மேலே காற்றின் அடர்த்தி குறைவு. துளையின் அளவோ அதேதான். கீழே கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கும்படி டியூன் செய்த வண்டி, மேலே வந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் பிளக் ஏன் கறுக்கிறது என்று தேடுகிறவர் அறிந்திருக்க வேண்டியது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய மாற்றம் பெட்ரோலிலேயே வந்திருக்கிறது. 2022-இல் நாட்டின் பெட்ரோலில் 10 சதவீதமாக இருந்த எத்தனால், 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குத் தேவைப்படும் காற்று குறைகிறது. ஆக்சிஜன் சென்சார் உள்ள புது வண்டி அதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டரின் துளைக்கு அந்த அறிவு கிடையாது. கலவை காற்று மிகுந்ததாகிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, பிக்கப்பில் தயங்குகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் சேர்ந்தால் அது பெட்ரோலிலிருந்து பிரிந்து கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் தங்கும். மெயின் ஜெட் பெட்ரோலை எடுப்பது சரியாக அந்த அடியிலிருந்துதான். இருசக்கர வண்டிகளில் எரிபொருள் திறன் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதைப் பெட்ரோலிய அமைச்சகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. எரிபொருளை மாற்றியது அரசு என்றால், அதற்கேற்ப ஜெட்டையும் ஏர் ஸ்க்ரூவையும் பார்த்துத் தரத் தெரிந்தவர்களை உருவாக்கும் பொறுப்பும் அரசைச் சேர்ந்ததே.

பழைய வண்டி புகை கக்குகிறது, அதை ஏன் காப்பாற்ற வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2000-க்குப் பின் தயாரான பழைய இருசக்கர வண்டிக்குப் புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3.5 சதவீதம், அதை அளப்பது வண்டி ஸ்லோவில் நிற்கும்போது. அந்த நிலையில் கலவையைத் தீர்மானிப்பவை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும்தான். ஆக, கெட்ட டியூனிங்தான் புகையின் முக்கியக் காரணங்களில் ஒன்று. சரியாகப் பழுது பார்ப்பது சுற்றுச்சூழலுக்கு எதிரானது ஆகாது. பழுது பார்க்கத் தெரிந்தவர் இல்லாமல் போனாலும் வண்டி சாலையை விட்டுப் போகாது, மோசமாக ஓடிக்கொண்டேயிருக்கும். பேட்டரி வண்டிதான் எதிர்காலம், ஏத்தர் ஓசூரிலும் ஓலா போச்சம்பள்ளியிலும் தயாரிக்கின்றன, பிறகு எதற்குப் பழசைப் படிப்பது என்பதும் ஒரு வாதம். ஆனால் தனியார் வண்டிப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். 2020 தொடக்கத்தில் பதிவான கார்புரேட்டர் வண்டி 2035 வரை சட்டப்படி ஓடலாம். தகுதிச் சோதனையில் தேறினால் அதற்குப் பிறகும் ஓடலாம். பால்காரருக்கும் பூக்காரருக்கும் அந்த வண்டிதான் முதலீடு. புது வண்டி வாங்குங்கள் என்பது அவர்களுக்கு அறிவுரை ஆகாது.

பட்டறைக்காரர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது: பாகத்தை மாற்றினால் வாடிக்கையாளர் காசு தருகிறார், அரை மணி நேரம் யோசித்துக் கண்டுபிடித்தால் "ஒண்ணும் மாத்தலையே" என்று பேரம் பேசுகிறார். நம்முடைய இந்தப் பழக்கமே பாகம் மாற்றும் மெக்கானிக்கை உருவாக்குகிறது. கோளாறு கண்டுபிடித்ததற்குத் தனியாகக் கூலி கேட்பதும் கொடுப்பதும் நடைமுறையாக வேண்டும். இன்னொரு பக்கம், டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து தமிழ்நாட்டின் 71 அரசு ஐடிஐகள் ரோபோக்களோடும் மின் வாகனங்களோடும் நவீனமாகியிருக்கின்றன, மகிழ்ச்சியே. அந்த வகுப்பறையின் ஒரு மூலையில், இ20 ஊற்றிய பழைய எக்ஸ்எல் ஒன்றும் நிற்கட்டும். வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மாலை நேரக் குறுகிய பயிற்சி நடத்தலாம். அந்த வண்டிகளை வடிவமைத்த பொறியாளர்களும், தமிழில் அச்சிட்ட ஜெட் அளவுப் பட்டியலும் அதற்குக் கிடைக்க வேண்டும். வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை "கார்புரேட்டர் போச்சு" என்று கேட்டால், கழற்றிய பிளக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். அதன் நிறம் என்ன சொல்கிறது என்று கேட்ட பிறகு பணத்தை எடுங்கள்.