எந்த ஏழு?

"நூற்றுக்கு ஏழே வட்டி! புதுக் கார் உங்கள் வாசலில்!" என்று அழைக்கிறார்கள். வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்க நினைக்கும் தோழன் மயங்குகிறான். நாம் கேட்கிறோம்: எந்த ஏழு?

ஒரு லட்சம் கடன். மூன்றாண்டு மாதத் தவணை. மாதந்தோறும் அசல் குறைகிறது. ஆனால், 'ஃபிளாட் வட்டி' என்றால், கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி! ஆக மொத்தம் 21,000 ரூபாய். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது நூற்றுக்கு ஏறத்தாழ 13! ஏழு எங்கே, பதின்மூன்று எங்கே?

கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு விகிதத்தை, வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும், விவரத் தாளில் எழுதித் தரவேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் புதுக் கடன்களுக்கு ரிசர்வ் வங்கியின் ஆணை இது. சலுகையல்ல தோழர்களே, உரிமை! நாலு இடத்தில் தாளைக் கேளுங்கள், ஒப்பிடுங்கள், பிறகு போடுங்கள் கையெழுத்து!