பிரெஞ்சு தெரிந்தால் மட்டும் போதுமா?

கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சிலேயே பாடம் நடத்தும் வகுப்புகள் உண்டு. 1965-இல் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட் ஊரில் பெற்றோர் விடாமல் கேட்டு வாங்கியது. ஆசிரியை பிரெஞ்சு மட்டுமே பேசுவார். பிள்ளைகள் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்லலாம்.

கேட்க எளிது. ஐந்து வயதுப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாலும் பிரெஞ்சில்தான் ஆறுதல் சொல்ல வேண்டும். கைச்சாடை, படம், பாட்டு, ஒரே சொல்லைப் பத்து விதமாகச் சொல்லும் பொறுமை. (மாலையில் தொண்டை என்ன ஆகும் என்று எங்களைக் கேளுங்கள்!)

இப்போது அங்கே இதற்கு ஆசிரியர் பஞ்சம். ஆசிரியர் பயிற்சி இல்லாவிட்டாலும் பிரெஞ்சு பேசினால் போதும் என்று சில இடங்களில் வகுப்பில் நிறுத்துகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. பெரிய வகுப்பில் புத்தகம் கைகொடுக்கும். வாசிக்கவே தெரியாத குழந்தைக்கு? வீட்டிலும் தெருவிலும் கேட்காத மொழி அந்த ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவருக்குக் குழந்தையைக் கையாளத் தெரியாவிட்டால் அது பிரெஞ்சையே வெறுத்துவிடும்.

டொரன்டோவில் இருக்கும் என் பழைய மாணவர்களே, இடம் கிடைத்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். பாடம் எடுப்பவர் பயிற்சி பெற்றவரா என்றும் பள்ளியில் கேளுங்கள்.