பிளானுக்கு முன்னும் பின்னும்



“நல்லதா ஒரு பிளான் போட்டுக் குடுங்க சார், மீதியை மேஸ்திரி பாத்துப்பார்.”

ஆர்க்கிடெக்ட் யாரைக் கேட்டாலும், தொழிலில் தாங்கள் அதிகம் கேட்ட பேச்சு இதுதான் என்பார்கள். சொல்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம் தாத்தாக்கள் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் மனையில் நின்று, குச்சியால் கோடு கிழித்தே வீடு கட்டினார்கள். அந்த வீடுகள் நின்றன. சில இன்றும் நிற்கின்றன. அப்படியிருக்க, நாலு தாளுக்கு எதற்கு இவ்வளவு பணம் என்ற கேள்வி எழுவது இயல்பு. வீடு கட்டுவோருக்கான இந்தச் சிறப்பிதழைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது வாசகர் கடிதங்களிலும் அதே கேள்வி பல விதமாக வந்தது.

என் பதில் இதுதான்: அந்த நாலு தாள் ஆர்க்கிடெக்டின் வேலையில் நடுப்பகுதி மட்டுமே. அதற்கு முன்னால் கேள்விகள் இருக்கின்றன, பின்னால் சைட் இருக்கிறது. இரண்டுக்கும் கூலி கொடுக்க மனம் வராதவர் தாளுக்குக் கொடுப்பதும் வீண்தான்.

முதலில் ஒரு தகவல். 1972-ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். ஐந்து வருடப் படிப்பு அது. கம்பி எத்தனை, தூண் எவ்வளவு தடிமன் என்று கணக்குப் போடுபவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், அவர் வேறு. வீட்டுக்குப் பெயர்ப்பலகை மாட்டும்வரை இந்த இருவரையும் ஒருவராகவே நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறைய.

கேள்விகளுக்கு வருவோம். நல்ல ஆர்க்கிடெக்ட் முதல் சந்திப்பில் பென்சிலை எடுப்பதில்லை. வீட்டில் எத்தனை பேர், பாட்டிக்கு மூட்டுவலி உண்டா, கிரைண்டர் எங்கே ஓடும், பண்டிகைக்கு எத்தனை பேர் வந்து தங்குவார்கள், மாடியை வாடகைக்கு விடும் எண்ணமுண்டா என்று கேட்டுக்கொண்டே போவார். படிக்கட்டு வீட்டுக்குள் வருவதா வெளியே வருவதா என்பது கடைசிக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது. அதை அப்போது சொல்லாமல், தளம் போட்ட பிறகு, “மாடியைத் தனியா வாடகைக்கு விடலாம்னு பாக்கறோம்” என்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. நிலைவாசல் கிழக்கா வடக்கா என்பதிலும் அப்படித்தான். வாஸ்து பார்ப்பவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது. பூமி பூஜைக்கு வந்த பெரியவர் ஒருவர் சமையலறையை மாற்றச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். மாற்றியவர் வருடக்கணக்கில் அந்த அறையில் புழுங்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்காரர்களைக் கேட்டு முடித்ததும் மனையைக் கேட்க வேண்டும். பட்டாவில் இருக்கும் அளவும் சர்வேயர் அளந்து கொடுக்கும் அளவும் ஒத்துப்போகிறதா? மண் எப்படி? கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கி வெடிக்கும். சாதாரணக் கடைக்கால் அதற்குத் தாங்காது. மழைநீர் எந்தப் பக்கமிருந்து வந்து எங்கே தேங்கும்? 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் வீடு கட்டும் எவரும் இதைக் கேட்காமல் விடக்கூடாது. தெருவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, வீடு அப்படியே இருக்கிறது. ஆகவே தரைமட்டத்தை இன்றைய சாலையைப் பார்த்து வைத்தால் போதாது. மேற்குச் சுவரில் மதிய வெயில் எத்தனை மணி நேரம் விழும், சாயங்காலக் கடற்காற்று எந்த மூலையிலிருந்து வரும் என்பதையெல்லாம் மனையில் நின்றுதான் தெரிந்துகொள்ள முடியும்.

இவ்வளவும் கேட்ட பிறகு வருவதுதான் முதல் கோட்டோவியம். அளவுகள் எதுவும் துல்லியமாக இருக்காது. எது எதற்குப் பக்கத்தில், வெளிச்சம் எங்கிருந்து என்பது மட்டும் இருக்கும். அடித்துத் திருத்த வேண்டிய இடம் இதுதான். நம்மில் பலருக்குப் பிளானைப் பார்த்து அறையைக் கற்பனை செய்ய வராது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மொட்டைமாடியில் சாக்பீஸால் பத்துக்குப் பன்னிரண்டு அறையை வரைந்து, கட்டிலும் பீரோவும் இருக்கும் இடத்தில் பாயை விரித்துப் பார்க்கச் சொல்லும் ஆர்க்கிடெக்டுகள் உண்டு. மலிவான வழி, ஆனால் ரொம்பப் பயனுள்ளது.

அனுமதி விஷயத்தை நீட்டப் போவதில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது முதல் எல்லாவற்றையும் சொல்கிறது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையம் வழியே அனுமதி கிடைக்கிறது. 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அனுமதி சீக்கிரம் வந்துவிடுவதாலேயே கட்டடம் சரியாக வந்துவிடாது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கருத்திலிருந்து கட்டடம் வரை ஒரு வேலையைக் கூட இருந்து நடத்துவது எப்படி என்பதைப் பார்க்க விரும்புபவர்களுக்கு நான் காட்டுவது புதுச்சேரியில் இருக்கும் ஒரு கட்டடத்தை. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமான ‘கோல்கொண்டே’. ஹைதராபாத் நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரி கொடுத்த ஒரு லட்ச ரூபாயில் ஆரம்பித்த வேலை என்பதால், வைரத்துக்குப் பேர்போன கோல்கொண்டாவின் பெயரே இதற்கும் வந்தது. வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்து, டோக்கியோவில் தொழில் நடத்திய ஆன்டனின் ரேமண்ட். அவர் வரைபடத்தைத் தபாலில் அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடவில்லை. தம் அலுவலகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் நகாஷிமாவைச் சைட்டிலேயே இருக்க அனுப்பினார். ஆர்க்கிடெக்ட் லெ கார்பூசியேயிடம் வேலை பார்த்திருந்த ஃபிரான்டிஷெக் சாமரும் வந்து சேர்ந்தார். 1938-ல் ரேமண்டே குடும்பத்தோடு வந்து சில மாதங்கள் தங்கினார்.

புதுச்சேரி வெயிலுக்கு ஏசியும் கிடையாது, மின்விசிறியை நம்பிய வடிவமைப்பும் இல்லை. என்ன செய்தார்கள்? கட்டடத்தைக் கிழக்கு மேற்காக நீட்டி, அகன்ற முகப்புகளை வடக்கிலும் தெற்கிலும் வைத்தார்கள். காலை வெயிலும் மாலை வெயிலும் படுவது குறுகிய பக்கங்களில்தான். முகப்பு முழுக்கக் கண்ணாடி ஜன்னலுக்குப் பதிலாக, கையால் திருப்பக்கூடிய அகலப் பட்டைகள். மழை வந்தால் சாய்த்துவிடலாம், காற்று வேண்டுமென்றால் திறந்துவிடலாம். அறைகளுக்குத் தேக்கில் நகரும் கதவுகள். அவற்றிலும் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பதால் கதவை மூடினாலும் காற்று நிற்காது, உள்ளே இருப்பவரும் வெளியே தெரியமாட்டார். கூரையில் தட்டையான தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளை வரிசையாகக் கவிழ்த்தார்கள். இடையில் இருக்கும் காற்று வெயிலின் சூட்டைத் தடுத்துவிடுகிறது.

கட்டியவர்கள் யார் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. பெரும்பாலும் கட்டட வேலையில் அனுபவமே இல்லாத ஆசிரமவாசிகள். கான்கிரீட் நம் பக்கத்தில் அரிதாக இருந்த காலத்தில், அவர்களை வைத்துக்கொண்டு, பூசி மறைக்காத கான்கிரீட்டில் இவ்வளவு நுணுக்கமான வேலை செய்ய வேண்டும். கதவுக் கைப்பிடிகளும் கீல்களும் ஆசிரமத்திலேயே, பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்க்கப்பட்டவை. சைட்டில் ஒருவர் நாள்தோறும் நின்று காட்டிக்கொடுத்திருக்காவிட்டால் ரேமண்டின் வரைபடம் வரைபடமாகவே இருந்திருக்கும். நகாஷிமாவோ ஒரு கட்டத்தில் சம்பளத்தையும் விட்டுவிட்டு ஆசிரமத்திலேயே சேர்ந்து, சுந்தரானந்தர் என்ற பெயரும் பெற்றார். பிற்பாடு அமெரிக்காவில் மரச்சாமான் செய்வதில் உலகப்புகழ் அடைந்தவர் அவரேதான். 1937-ல் தொடங்கிய வேலை போர்க்காலத் தட்டுப்பாடுகளில் இழுத்துக்கொண்டே போய் 1940-களில் முடிந்தது. இன்றும் அதில் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள்.

நம் வீட்டுக்கு டோக்கியோவிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஆனால் கட்டுவதற்கு வேண்டிய விரிவான வரைபடங்களான செயல்படங்கள் முடியாமல் வேலையைத் தொடங்கக்கூடாது என்ற விதி நமக்கும் பொருந்தும். சிட்னி ஓபரா ஹவுஸ் கதை தெரிந்ததுதான்: கூரையை எப்படிக் கட்டுவது என்பதே முடிவாகாமல் 1959-ல் அடித்தள வேலையை ஆரம்பித்தார்கள்; பிறகு அந்தக் கூரையைத் தாங்காது என்று தூண்களை மறுபடி கட்ட வேண்டி வந்தது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட மதிப்பீடு 10 கோடியே 20 லட்சத்தில் போய் நின்றது. வடிவமைத்த யோர்ன் உட்சோன் 1966-ல் விலகினார். 1973-ல் திறந்த கட்டடத்தை அவர் கடைசிவரை நேரில் பார்க்கவேயில்லை. உலகமே வியக்கும் கட்டடமாக அது ஆகிவிட்டது என்பது வேறு விஷயம். நம் வங்கிக் கடனுக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே வரியில் ஒப்பந்தம் போடுவதில் வரும் சண்டைகளுக்கும் காரணம், இப்படி எல்லாம் முடிவாகும் முன்பே வேலையைத் தொடங்குவதுதான். எந்தக் கம்பெனிக் கம்பி, எத்தனை அங்குலச் சுவர், ஸ்விட்ச் எத்தனை, டைல்ஸ் என்ன விலையில் என்று வேலை வாரியாக எழுதிய அளவுப் பட்டியல் இருந்தால்தான் மூன்று கான்ட்ராக்டர்களின் விலையை ஒப்பிட முடியும். அதைத் தயாரித்துக் கொடுப்பதும், அளந்து பார்த்த பிறகே பில்லுக்குக் கையெழுத்துப் போடுவதும் ஆர்க்கிடெக்டின் பொறுப்பில் வருபவை.

தளம் போடும் நாளில் சைட்டில் ஒருமுறை நின்று பாருங்கள். விடிந்ததும் மிக்சர் மெஷின் வந்துவிடும். ஆட்கள் வந்தாயிற்று, ஜல்லி எம்-சாண்ட் குவித்தாயிற்று, மேஸ்திரிக்கு ஆரம்பிக்க வேண்டும் என்ற அவசரம். ஆர்க்கிடெக்டும் இன்ஜினியரும் சென்ட்ரிங் மேல் ஏறிக் கம்பிகளுக்கு நடுவே குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். கம்பி பலகையில் படாமல் கவர் பிளாக் இருக்கிறதா? ஃபேன் பாக்ஸ் அறையின் நடுவில்தானா? குளியலறைப் பகுதி தாழ்த்தப்பட்டிருக்கிறதா? பால்கனிக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். அங்கே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். ஆட்கள் மிதித்து மிதித்து அது கீழே போயிருக்கும். கான்கிரீட் கொட்டியபின் யார் கண்ணுக்கும் தெரியாது; பால்கனிக்கு மட்டும் தெரியும். தூக்கி நிறுத்தி அடியில் முட்டுக் கொடுக்கச் சொல்லும் அந்த இருபது நிமிடத்துக்காக மேஸ்திரி முகம் சுளிப்பார். பிறகு, “கலவை கெட்டியா இருக்கு, கொஞ்சம் தண்ணி விடுப்பா” என்று ஒரு குரல் வரும். அதை அங்கேயே தடுக்க வேண்டும், அதிகத் தண்ணீர் கான்கிரீட்டின் வலுவைக் குறைத்துவிடும்.

மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குவது எல்லோருக்கும் தெரியும். முட்டுப் பிரிப்பதில்தான் அவசரம். நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. சென்ட்ரிங்காரருக்கு அடுத்த சைட்டில் பலகை தேவைப்படும். அவரைச் சமாதானப்படுத்தி நிறுத்தி வைப்பதை எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஆர்க்கிடெக்ட் தினமும் வந்து நிற்கமாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் வருவது முக்கியக் கட்டங்களில். அன்றாடம் பார்த்துக்கொள்ள சூப்பர்வைசர் ஒருவர் வேண்டும். எந்தெந்தக் கட்டத்தில் வருவார், ஒவ்வொன்றிலும் எவ்வளவு கட்டணம் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணத்தோடு காணாமல் போனவர்களைப் பற்றியும் நமக்குக் கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதிய தாள் இல்லாததால் கடிதம் எழுதியவர்களில் யாராலும் ஒன்றும் கேட்க முடியவில்லை.

கடைசியாக, கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தபின் எல்லோரும் மறக்கும் ஒன்று. வேலையின் நடுவே எத்தனையோ மாறியிருக்கும். தண்ணீர்க் குழாய் வேறு சுவருக்குப் போயிருக்கும், ஸ்விட்ச் போர்டு இரண்டடி தள்ளியிருக்கும். கட்டி முடித்தபடியே இருக்கும் வரைபடத்தை, குழாயும் ஒயரும் போகும் வழியோடு, ஆர்க்கிடெக்டிடம் கேட்டு வாங்குங்கள். பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் செல்போனில் படமெடுத்து அதோடு வைத்துக்கொள்ளுங்கள். படம் மாட்ட ட்ரில் போடுகிறவர் வரும்போது அதை எடுத்துக் காட்டலாம். அந்த வரைபடம் வரும்வரை கடைசித் தவணை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்