வினாவும் ஆராய்ச்சியும்

வேற்றுமை பாராட்டுதலைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத விழையும் மாணவர் சிலர் என்பால் வருவதுண்டு. வந்ததும் அவர் வினவுவது, எந்தெந்த நூல்களைப் பார்க்கவேண்டும் என்பதே. சங்கச் செய்யுளில் தொடங்கி இக்காலச் சட்டம் வரையில் மேற்கோள் திரட்டிவிட்டால் ஆராய்ச்சி முற்றிற்று என்பது அவர் எண்ணம். பண்டிதனாகிய யான் நூலைப் பழிப்பவனல்லேன். ஆயினும் ஒருவனை இழிவுபடுத்தல் நிகழுமிடம் பாடசாலை வாங்கும் தேநீர்க்கடைக் கோப்பையுமாம். அங்கே சென்று கேளாத ஆராய்ச்சி என்ன ஆராய்ச்சி?

இவ்விடத்து ஒரு மாணவியின் வரலாறு நினைக்கத்தக்கது. மேமி பிப்ஸ் என்னும் கறுப்பினப் பெண் 1917இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்திலே பிறந்தவர். வெள்ளையர்க்கும் கறுப்பினத்தவர்க்கும் வெவ்வேறு பாடசாலை விதித்திருந்த தென்னாடு அது. வாஷிங்டனிலுள்ள ஹவார்ட் சர்வகலாசாலையில் முதுமாணிப் பட்டத்துக்காக 1939இல் அவர் ஆராய்ந்த பொருள், கறுப்பினக் குழந்தைக்குத் தன்னைப் பற்றிய உணர்வு எவ்வாறு தோன்றி வளர்கின்றது என்பது. கையிலிருந்தவை சில கோட்டுச் சித்திரங்கள்: வெள்ளைச் சிறுவன், கறுப்புச் சிறுவன், சிங்கம், நாய், கோமாளி, கோழி. பள்ளிப் பருவம் எய்தாத பிள்ளைகளிடம் அவற்றைக் காட்டி, இவற்றுள் நீ யார் என்று கேட்டார். அவ்வளவே.

பின்னர் அவரும் கணவர் கென்னெத் கிளார்க்கும் பொம்மைகளைக் கைக்கொண்டனர். தோலும் மயிரும் நிறத்தால் வேறுபட்டு, மற்றெல்லாம் ஒத்த நான்கு பொம்மைகள். மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 253 கறுப்பினப் பிள்ளைகள். விளையாட எது வேண்டும், நல்லது எது, கெட்டதாய்த் தோன்றுவது எது என வினவினர். பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையை விரும்பினர். கெட்டதென்று பழுப்புப் பொம்மையைச் சுட்டினர். உன்னைப் போன்றது எது என்று கேட்டபொழுதோ சில பிள்ளைகள் அழுதன. சில அறையைவிட்டு ஓடின.

கலந்து படித்த வடமாநிலப் பிள்ளைகள் தென்னாட்டுப் பிள்ளைகளினும் சற்று மிகுதியாகவே வெள்ளைப் பொம்மையை நாடினர். பாடசாலைப் பிரிவினையே நோய்க்கு முதல் என்பார்க்கு இக்கணக்கு இடர் செய்வது. இதனையும் மறையாது 1947இல் அச்சிட்டனர். நம் மாணவர் முதலிற் கற்கவேண்டியது இந்நேர்மை. 1954இல் பாடசாலைப் பிரிவினை அரசியலமைப்புக்கு முரண் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்தபொழுது, தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் கென்னெத் கிளார்க்கின் அறிக்கை இடம்பெற்றது. மேமியின் பெயர் அக்குறிப்பில் இல்லை!

இனி நம் யாழ்ப்பாணம். இங்கே நிறத்தின் இடத்திற் சாதி நின்றது. உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டுமென 1929இல் பணிக்கப்பட்டபொழுது பெரும் எதிர்ப்பு மூண்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னும், தேநீர்க்கடையும் கோயிலும் திறக்க 1960களின் பிற்பகுதியிற் போராட வேண்டியிருந்தது. 1968இன் மாவிட்டபுரத்தை அறியாதார் யார்? இவ்வாண்டுகளெல்லாம் மாணவர் கட்டுரைகளில் வரிசையாக வருகின்றன. கதவுக்குப் புறத்தே நின்றவர் வருவதில்லை. நாவலாசிரியர் கே. டானியல் அவர்களை 1972இலேயே 'பஞ்சமர்' நாவலிற் பேசவைத்தார்.

அன்று போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் வாங்கிக் குடித்த இளைஞர் இன்று எழுபதும் எண்பதும் கடந்த முதியவர். மாணவர்களே, அவரிடம் சென்று "உமக்குப் பாகுபாடு காட்டினரா?" என்று வினவாதீர்கள்; ஆம் என்பார், பேச்சு முடிந்துவிடும். பேணி எங்கே தொங்கியது, கழுவி வைத்தவர் யார், காசை எவ்வாறு கொடுத்தீர்கள், கூடவந்த பிள்ளை ஏனென்று கேட்டபொழுது என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். பெயர் வெளிவருவதை அவர் விரும்பாராயின் விட்டுவிடுங்கள். விடையை அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள்; செந்தமிழாகத் திருத்த வேண்டா. இவ்வாண்டு விடுமுறையிலேயே தொடங்கினால், கேட்டு எழுதுவதற்கு ஆட்கள் இன்னும் உளர்.