"திருப்பி அடி"ன்னு சொன்னா போதுமா?

"இனிமே அவன் அடிச்சா நீயும் ஒண்ணு குடுத்துட்டு வா!" இரண்டாம் வகுப்புப் பையன் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தால் அப்பாவின் தீர்ப்பு பெரும்பாலும் இதுதான். அம்மா, "அவன்கூட சேராதே, மிஸ்கிட்ட சொல்லு" என்பார். பாட்டியோ, "விடுடா கண்ணு, பசங்கன்னா அப்படித்தான்" என்று முடித்துவிடுவார்.

சொல்வது எல்லாம் பாசத்தில்தான். ஆனால் மூன்று பேருமே முழு வேலையையும் அடிவாங்கி வந்த குழந்தையின் தலையில்தான் வைக்கிறார்கள். எதிரே நிற்பவன் ஒரு ஜாண் உயரம், பின்னால் நான்கு கூட்டாளிகள் வேறு. திருப்பி அடித்தால் என்ன ஆகும்? டீச்சர் கண்ணில் எப்போதும் இரண்டாவது அடிதான் படும்! "குண்டு", "கறுப்பி", "சோடாபுட்டி" என்று கூப்பிடுவதற்கோ திருப்பி அடிக்கவும் வழியில்லை.

நார்வேயில் 1982ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான் அந்த நாடே விழித்துக்கொண்டது. அடுத்த ஆண்டே நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. அதில் முக்கியப் பங்காற்றிய டான் ஓல்வியஸ் என்ற உளவியலாளர் சொன்ன இலக்கணம் எளிமையானது. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலம் சமமாக இல்லாதது. பலம் சமமில்லாத இடத்தில் போய் "சமமாக நில்" என்று ஏழு வயதுக் குழந்தையிடம் சொன்னால் அது என்ன செய்யும், பாவம்...

அப்படியானால் யாருக்குச் சொல்லித்தருவது? பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தைக்கு!

கனடாவில் ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் விளையாடுவதைக் கேமராவில் பதிவு செய்து ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. இந்தச் சீண்டல்களில் 88 சதவீதம் மற்ற பிள்ளைகள் கண்ணெதிரே நடந்தன. யாராவது ஒரு பிள்ளை குறுக்கிட்டது 19 சதவீதம்தான். ஆனால் அப்படிக் குறுக்கிட்டபோது பாதிக்கு மேல் பத்தே நொடியில் நின்றுபோனது. பத்து நொடி! பின்லாந்தின் டுர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' திட்டமும் வேடிக்கை பார்ப்பவர்களைத்தான் குறிவைக்கிறது. 2009 முதல் அந்த நாடெங்கும் பள்ளிகளுக்குப் போனது.

குறுக்கிடுவது என்றால் சண்டைக்குப் போவதல்ல. சிரிக்காமல் இருக்கலாம். "வாடா, நாம அங்க போலாம்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காரலாம். இதையெல்லாம் வீட்டிலேயே நடித்துப் பார்க்கலாம். குழந்தைகளுக்கு நடிப்பதென்றால் கொள்ளை இஷ்டம். (வம்பு செய்பவனாக நடிக்க அப்பாவை விடுங்கள், இன்னும் குஷியாகிவிடுவார்கள்.)

இன்னொன்றும் சொல்லித்தர வேண்டும். ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொல்வது கோள். ஒருவனைக் காப்பாற்றுவதற்காகச் சொல்வது உதவி கேட்பது. ஆறு வயதுக்கு இது நன்றாகவே புரியும். ஆனால் "எப்பப் பாரு கம்ப்ளெய்ண்ட்டா? போய் உட்காரு" என்று ஒருமுறை டீச்சரே விரட்டிவிட்டால் அந்தப் பாடம் அத்தோடு சரி. சில வகுப்புகளில் பட்டப்பெயரை ஆரம்பித்து வைப்பதே டீச்சர்தான் என்ற கொடுமையையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பள்ளி விட்டு வந்ததும் "இன்னிக்கு உன்னை யாராவது அடிச்சாங்களா?" என்ற கேள்வியோடு இதையும் கேட்டுப் பார்க்கலாம்: "இன்னிக்கு உங்க கிளாஸ்ல தனியா உட்கார்ந்து சாப்பிட்டது யாரு?" பெரும்பாலான பிள்ளைகள் யோசிக்காமல் பெயரைச் சொல்லிவிடும்.