எதுக்கு இதெல்லாம்?

ஓர் ஆண் கேமரா வாங்க நினைத்தால் அவன் முன்னால் நிற்கும் கேள்வி, எந்தக் கேமரா என்பது. ஒரு பெண் கேமரா வாங்க நினைத்தால் அவள் முன்னால் நிற்கும் கேள்வி, எனக்குக் கேமரா தேவையா என்பது. முதல் கேள்விக்குக் கடைக்காரரிடம் பதில் இருக்கிறது. நாலு பேரிடம் விசாரித்து, விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு எந்தக் கடையிலும் பதில் கிடையாது. அதனால்தான் அது மாதக்கணக்கில், சில பெண்களுக்கு வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகிறது.

இப்படி இழுப்பதற்கு நம் வீடுகளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'பொம்பளைங்களுக்கு ஒரு முடிவு எடுக்கத் தெரியாது.' வாங்கிய பிறகு அவள் வருந்தினால் அதற்கும் ஒரு பெயர் உண்டு: 'ஆசைப்பட்டு வாங்க வேண்டியது, அப்புறம் உட்கார்ந்து அழ வேண்டியது.' இரண்டும் பொய். இருபது பேர் வந்தால் எத்தனை படி அரிசி போட வேண்டும் என்று கண்ணளவில் சொல்கிறவள் அவள். சீட்டை எந்த மாதம் எடுத்தால் கட்டுப்படியாகும் என்று மனக்கணக்குப் போடுகிறவள் அவள். பிள்ளைக்கு எந்தப் பள்ளி, மாமியாரின் கண்புரைக்கு எந்த ஆஸ்பத்திரி என்பதையெல்லாம் அலைந்து விசாரித்து முடிவு செய்கிறவளும் அவள்தான். தனக்கென்று ஒன்று வாங்கும்போது மட்டும் அந்தத் திறமை எங்கே போய்விடுகிறது?

எங்கேயும் போகவில்லை. அது வேறொரு வேலையில் மும்முரமாக இருக்கிறது. வீட்டில் யார் யார் என்னென்ன கேட்பார்கள், எதற்கு என்ன பதில் சொல்வது, எந்தச் செலவைக் குறைத்து இதை ஈடுகட்டியதாகக் காட்டுவது என்று முன்கூட்டியே வழக்கைத் தயார் செய்துகொண்டிருக்கிறது. குற்றம் சாட்டுபவரும், வக்கீலும், நீதிபதியும் அவளே. நாம் தயக்கம் என்று அழைப்பது இந்த விசாரணையைத்தான்.

இந்த விசாரணை எல்லாப் பொருளுக்கும் நடப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பட்டுப்புடவை எடுக்கும்போது யாரும் 'எதுக்கு இது?' என்று கேட்பதில்லை. வருடத்தில் மூன்று முகூர்த்தங்களுக்கு வெளியே வந்துவிட்டு, மீதி நாளெல்லாம் பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கும் அந்தப் புடவையை யாரும் வீண் என்று சொன்னதில்லை. லாக்கரில் தூங்கும் நெக்லஸை யாரும் 'அதைப் பயன்படுத்துறியா?' என்று கேட்டதில்லை. புடவை குடும்பத்தின் அந்தஸ்து, நகை குடும்பத்தின் அவசரகால நிதி. அவள் உடம்பில் இருந்தாலும் இரண்டும் குடும்பத்தின் கணக்கில் இருப்பவை. மிக்ஸியும் கிரைண்டரும் அப்படித்தான். 2011இல் தமிழ்நாடு அரசு பெண்களுக்கு விலையில்லாமல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. பல வீடுகளில் அவை உண்மையிலேயே பெண்களின் முதுகுவலியைக் குறைத்தன. ஆனால் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று ஊரே ஒப்புக்கொள்கிற பொருள் எது என்பதையும் அந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கிறது. அவள் செய்யும் வேலையைச் சுலபமாக்கும் பொருள் தேவை எனப்படும். அவளை வேலையிலிருந்து கொஞ்ச நேரம் வெளியே கூட்டிப்போகும் பொருள் ஆடம்பரம் எனப்படும்.

சிறுவாடு என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. கடுகு டப்பாவிலும், அரிசிப் பானையிலும், புடவை மடிப்பிலும் பெண்கள் ஒளித்துச் சேர்க்கும் பணத்துக்கு அந்தப் பெயர். அதைப் பெண்களின் சாமர்த்தியம் என்று சிரித்துக்கொண்டே பாராட்டுவது நம் வழக்கம். ஒருத்தி தன் வீட்டுக்குள்ளேயே, தன் கையால் மிச்சம் பிடித்த பணத்தை ஒளித்துத்தான் வைக்க முடியும் என்றால், அது பாராட்ட வேண்டிய விஷயமா? 2016 நவம்பர் 8 இரவு 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது இந்தப் பணமெல்லாம் வெளியே வர வேண்டியதாயிற்று. 'இவ்வளவு பணம் வச்சிருந்தியா?' என்ற கேள்வி கேலியாகவும் கோபமாகவும் வீடு வீடாகக் கேட்டது. வங்கியில் மாற்றி வந்த பணம் அதன் பிறகு சிறுவாடாக இல்லை. வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிட்டது. பணமதிப்பிழப்பின் நட்டங்களில் இதுவும் ஒன்று.

சட்டத்தைக் கேட்டால் அது வேறு விதமாகப் பேசுகிறது. பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், ஒரு பெண் தன் திறமையாலும் உழைப்பாலும் சம்பாதித்தது, விலைகொடுத்து வாங்கியது, பரிசாகப் பெற்றது எல்லாவற்றுக்கும் அவளே முழு உரிமையாளர் என்று தன் 14ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989இல் சட்டமாக்கியது. நிலத்தின் மீது வந்த இந்த உரிமை சம்பளக் கணக்கு வரை வந்து சேரவில்லை. மாதம் ஐம்பதாயிரம் வாங்கும் பெண்ணின் ஏடிஎம் அட்டை கணவன் பர்ஸில் இருக்கும் வீடுகள் நம் தெருவிலேயே உண்டு. அட்டை அவள் கையிலேயே இருக்கும் வீடுகளில்கூட, அவள் மனதுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. சின்ன வயதில் தின்பண்டம் வாங்கிய காசுக்குக்கூட மீதிச் சில்லறையை எண்ணிக் காட்டச் சொன்ன நாளிலிருந்து அவர் அங்கே இருக்கிறார். அண்ணனிடம் யாரும் சில்லறை கேட்டதில்லை.

இவ்வளவையும் தாண்டி ஒருத்தி வாங்கியே விடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் இரண்டாவது தண்டனை தொடங்குகிறது. முதல் மாதம் படம் எடுக்கிறாள். அடுத்த மாதம் பிள்ளைக்குத் தேர்வு. அதற்கடுத்த மாதம் நாத்தனார் வளைகாப்பு. கேமரா பையோடு பீரோவுக்குள் போகிறது. சென்னை போன்ற ஈரக்காற்று வீசும் ஊரில், காற்றோட்டமில்லாத பீரோவில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். கண்ணாடியில் சிலந்திவலை போலப் படரும் அதைப் பார்க்கும்போது அவளுக்கு வருவது துக்கம். வீட்டுக்காரர்களுக்கு வருவது சாட்சியம். 'நான் அப்பவே சொன்னேன்ல?' வாட்டர்கலர் டியூப் காய்ந்து போனாலும், பரணில் ஏற்றிய வீணையின் கம்பிகள் துருப்பிடித்தாலும் இதே தீர்ப்புதான். ஆசை உண்மையானதில்லை, மோகம் முப்பது நாள் என்று தீர்ப்பு. நாளடைவில் அவளே அதில் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். பொருள் சும்மா கிடப்பது ஆர்வம் இல்லாததற்குச் சான்றாகாது. அது நேரம் இல்லாததற்குச் சான்று. 2019இல் ஒன்றிய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவழித்தது சராசரியாக 299 நிமிடங்கள். அதே வேலையில் ஈடுபட்ட ஆண்கள் செலவழித்தது 97 நிமிடங்கள். அதுவும், அந்த வேலையைத் தொட்டுப் பார்த்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர். குழந்தையையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை. கேமராவின் விலை ரசீதில் இருக்கிறது, அதனால் அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. இந்த 299 நிமிடங்களுக்கு ரசீது கிடையாது. ஒரு குடும்பம் அவளிடம் பணக்கணக்கு மட்டும் கேட்டுக்கொண்டு நேரக்கணக்கைத் திறக்கவே மறுத்தால், அந்தக் கேமரா தூங்கத்தான் செய்யும். அந்தப் பழியை அவள் தலையில் கட்டுவது அயோக்கியத்தனம்.

நல்லெண்ணத்தோடு வருகிறவர்கள் இன்னொரு வழி சொல்வார்கள். 'அதை வச்சுச் சம்பாதிக்கலாமே?' கேக் செய்யப் பிடிக்குமா, ஆர்டர் எடு. பூவேலை தெரியுமா, ஆரி பிளவுஸ் தைத்துக் கொடு. படம் எடுப்பாயா, பிறந்தநாள் விழாவுக்குப் போ. வருமானம் தேவைப்படும் பெண்கள் இதைச் செய்யட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. அரசின் விலையில்லாத் தையல் இயந்திரம் எத்தனையோ பெண்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆனால் விருப்பம் வேறு, பிழைப்பு வேறு. பெண்ணின் ஒவ்வொரு விருப்பமும் தன் செலவைத் தானே சம்பாதித்துத் திருப்பித் தர வேண்டும் என்பது ஊக்குவிப்பு ஆகாது, அது வட்டிக்கடை நியாயம். ஆண்கள் வாங்கிப் போட்ட டம்பெல்ஸ் கட்டிலுக்கடியில் உருள்கிறது. மூன்று பாட்டோடு நின்றுபோன கித்தார் சுவரில் தொங்குகிறது. அவற்றை வைத்து எவ்வளவு சம்பாதித்தாய் என்று கேட்ட வீடு உண்டா?

சம்பாதித்துக் காட்டினால் மட்டும் அங்கீகாரம் வந்துவிடுமா? ஹோமாய் வியாரவாலா இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர். 1913இல் பிறந்தவர். நாட்டின் விடுதலைக் காலத்தைப் படம் பிடித்தவர். அவர் எடுத்த தொடக்ககாலப் படங்கள் வெளியானது அவர் பெயரில் இல்லை, கணவர் மானெக்‌ஷாவின் பெயரில். படம் எடுத்தது அவர், பெயர் மட்டும் இன்னொருவருடையது. பத்ம விபூஷண் 2011இல்தான் வந்தது. அப்போது அவருக்குத் தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தது.

இது காசுள்ள பெண்களின் கவலை என்று ஒரு குரல் எழும். எழ வேண்டிய குரல்தான். விலை ஆளுக்கு ஆள் மாறும், கேள்வி மாறாது என்பதே அதற்குப் பதில். ஒரகடத்தில் தொழிற்சாலை விடுதியில் தங்கி, ஷிப்டு வேலை பார்த்து, சம்பளத்தில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பும் ஒரு பெண் முந்நூறு ரூபாய்க்கு வண்ணப் பென்சில் பெட்டி வாங்கினாலும், தொலைபேசியில் வரும் கேள்வி அதேதான். 'எதுக்கு இதெல்லாம்?' ஏழைப் பெண்ணுக்குப் பசி மட்டும்தான் இருக்க முடியும், விருப்பம் இருக்கக் கூடாது என்பது அவளை இரண்டாவது முறை ஏழையாக்குவது. 2023இல் தொடங்கிய மாதம் 1000 ரூபாய்த் திட்டத்துக்கு அரசு உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது. உரிமை என்று சொன்ன பிறகும், அந்த ஆயிரத்தைப் பெண்கள் எதில் செலவழிக்கிறார்கள் என்று டீக்கடைகளில் தணிக்கை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அதற்காக, வாங்கிக் குவிப்பதுதான் விடுதலை என்று நான் சொல்லவில்லை. மார்ச் 8 வந்தால் தள்ளுபடி அறிவித்து, 'உங்களை நீங்களே கொண்டாடுங்கள்' என்று குழைகிற சந்தை நம் தோழி கிடையாது. அது நம் களைப்பை நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. நேரத்தைத் தர முடியாத இடத்தில் பொருளைத் தந்து, தவணையில் கட்டச் சொல்கிறது. இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு ஒருத்தி எதையாவது வாங்குகிறாள் என்றால், சில சமயம் அவள் வாங்குவது அந்தப் பொருளோடு வருவதாக நம்பும் ஓய்வையே. பெட்டியைப் பிரித்தால் பொருள் மட்டும்தான் இருக்கும். அந்த வருத்தம் நியாயமானது. அதையும் ஆசைப்பட்டதன் பாவம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆகவே வருத்தம் வந்தால், அது எந்த வருத்தம் என்று கேட்டுப் பாருங்கள். பொருள் சரியில்லையா? விற்றுவிடுங்கள், மாற்றுங்கள், வேறொரு பெண்ணிடம் கொடுங்கள். நான்கு தோழிகள் சேர்ந்து ஒரு கேமராவை முறை வைத்துப் பயன்படுத்தினால் அதில் பூஞ்சை பிடிக்காது. அடுத்தது, இதே பொருளை யாராவது பரிசாகக் கொடுத்திருந்தால் இந்த வருத்தம் இருந்திருக்குமா? இருந்திருக்காது என்றால் உங்களை உறுத்துவது அனுமதி கேட்காமல் செலவழித்தது. அந்த அனுமதியை யாரும் தரத் தேவையில்லை. பரிசாக வந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன், நேரமே இல்லை என்றால் சண்டை போட வேண்டிய இடம் கடையில் இல்லை, சமையலறையில் இருக்கிறது.

தவறாக வாங்கும் உரிமையும் நமக்கு வேண்டும். பாதியில் விடும் உரிமையும், சுமாராகப் படம் எடுக்கும் உரிமையும் வேண்டும். எடுத்த எடுப்பிலேயே தேர்ந்தவளாக இருந்தால்தான் தொடங்கலாம் என்ற நிபந்தனையோடு எந்த ஆணும் எதையும் தொடங்கியதில்லை.

அடுத்த முறை 'எதுக்கு?' என்று கேட்டால் 'எனக்கு' என்று சொன்னால் போதும். அதற்கு மேல் விளக்கம் கேட்டால், பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள், நேரத்தைப் பற்றிப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வெளிச்சம் நன்றாக இருக்கும், நான் கேமராவோடு வெளியே போகிறேன், மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, தேங்காயை நீங்களே துருவிக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள்.