இந்தப் புள்ளி பெட்டியில அடங்குமா?

பன்னிரண்டு, பதிமூணு வயசுப் பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்குள்ள இந்தக் கணக்கு எப்படியும் வரும். ஒரு புள்ளியைக் கொடுத்து, 'இது இந்த அசமன்பாட்டுக்குப் பொருந்துமா?' என்று கேட்பார்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அசமன்பாடு, இலங்கைப் புத்தகத்தில் சமனிலி. நாமளே அல்ஜீப்ராவை இங்கிலீஷ்ல படிச்சவங்கதான். அதனால என்ன? 'பொருந்துமா, பொருந்தாதா' என்ற ரெண்டு சொல் இருந்தால் முழுக் கணக்கையும் தமிழிலேயே பேசலாம். பக்கத்துல உட்கார்ந்திருக்கிற பாட்டியும் சேர்ந்துக்கலாம்.

நான் என் மகளுக்கு ஊரிலிருந்து திரும்பும் பெட்டியை வைத்துத்தான் சொன்னேன். வரம்பு 23 கிலோ. துணியும் பெட்டியும் 7 கிலோ, மிச்சம் 16. மிளகாய்த்தூள் பாக்கெட் ஒரு கிலோ, அதன் எண்ணிக்கை எக்ஸ். சத்துமாவுப் பை 2 கிலோ, அது ஒய். ஆக, எக்ஸ் + 2ஒய் ≤ 16.

(6, 4) போட்டுப் பாருங்க: 6 + 8 = 14. போகலாம். (6, 5): 6 + 10 = 16. சரியா வரம்புல நிக்குது. '≤' என்பதால் இதுவும் பொருந்தும். படத்தில் முழுக் கோடு. வெறும் '<' என்றால் பொருந்தாது; விட்டுவிட்டுப் போடும் கோடு. இப்போ எண்களை இடம் மாத்துங்க, (5, 6): 5 + 12 = 17. பெட்டியைத் திறக்கணும்! முதல் எண் எக்ஸ், இரண்டாவது ஒய் என்பதைப் பிள்ளைங்க மறக்கவே மாட்டாங்க.

(−2, 9) என்றதும் மகள் சிரிச்சுட்டா. "மைனஸ் ரெண்டு பாக்கெட் எந்தக் கடையிலம்மா கிடைக்கும்?" ஆனால் −2 + 18 = 16, அசமன்பாட்டுக்குப் பொருந்துது. பெட்டிக்குத்தான் பொருந்தல. அதனாலதான் இந்த மாதிரிக் கணக்கில் எக்ஸ் ≥ 0, ஒய் ≥ 0 என்று தனியாகச் சேர்ப்பார்கள்.

ஒண்ணு மட்டும் எனக்குப் பிடிக்காது: '≤ வந்தா கோட்டுக்குக் கீழே நிழல் போடு' என்ற குறுக்குவழி. எக்ஸ் − 2ஒய் ≤ 4 என்பதில் அது கவுத்துடும், நிழல் மேல்பக்கம் வரும். அதுக்குப் பதிலா (0, 0)-ஐப் போடச் சொல்லுங்க. 0 ≤ 4, உண்மை. அந்தப் புள்ளி இருக்கிற பக்கம்தான் நிழல். கோடே (0, 0) வழியாப் போனா, கோட்டில் இல்லாத வேறு ஏதாவது புள்ளி.